ஜீவானந்தத்தின் வலது கன்னம்

மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு டவுனுக்குக் காலை ஏழு மணிக்குக் கிளம்பும் ஷேர் ஜீப்பில், ஓட்டுநரையும் சேர்த்துப் பதினான்கு பேர் இருப்போம். அதில் பதின்மூன்று பேருக்கு ஜீவானந்தத்தின் இடது கன்னமோ பிடரியோதான் தெரியும். வலது கன்னம் எப்போதும் கதவுக்கு வெளியே, பள்ளத்தைப் பார்த்தபடி இருக்கும். அந்தக் கன்னத்தை நினைத்துத்தான் கார்த்திகை மாதம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

வலது கன்னத்தில் மங்கு விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை, ஒரு வெற்றிலையை ஒட்டி வைத்த மாதிரி கருப்பு. சும்மா வந்ததல்ல, தொழிலில் சம்பாதித்தது. எங்கள் மலையில் பனி இறங்கிவிட்டால் முன்கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. அப்போது ஜீவானந்தம் தலையை வெளியே நீட்டி, சாலை நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். பனி இல்லாத நாளில் அதே கன்னத்தில் வெயில் விழும். பதினொரு வருடம் இப்படி ஓட்டினால் கன்னம் என்ன செய்யும்?

அவருக்கு வயது முப்பத்தெட்டு. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் காப்பி லாரியில் கிளீனராக ஏறியவர். பிறகு ஓர் எஸ்டேட்டில் டிரைவர், அதன்பின் சொந்த ஜீப். இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஏழு வருடம் பார்த்துக்கொண்டு, இடையில் நன்றாகச் சமைக்கவும் கற்றுக்கொண்டு, எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது கல்யாண வயது ஜீப்பை ஓவர்டேக் செய்து போய்விட்டிருந்தது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். கொய்யாப்பழக் கூடை ஏற்றுபவர்களிடம் ஒரு பழம் வாங்கித் தின்றுகொண்டே சொல்வார்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஐப்பசியில் மஞ்சக்குட்டைக்குத் திரும்பியிருந்தேன். வீட்டில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் கால் அரிக்கும் ஜாதி. டவுனில் ஒரு வேலையும் இல்லாமலே தினம் அந்த ஜீப்பில் ஏறினேன். ஓட்டுநருக்கு நேர் பின்னால் என் இடம். அதனால்தான் இந்தக் கதை முழுக்க என் காதில் விழுந்தது.

முன் சீட்டில் இடது ஓரமாக உட்காருபவர் ராசாத்தி. செம்மநத்தத்துக்காரர். மஞ்சக்குட்டையில் அக்கா வீட்டில் தங்கி, வழியில் இருக்கும் நர்சரியில் ஒட்டுக்கட்டும் வேலைக்குப் போகிறார். முப்பத்து மூன்று வயது. தேடி வந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொன்னவர். சேலைக்கு மேல் அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, பொத்தானை மணிக்கட்டு வரை பூட்டியிருப்பார். ஜீப்பில் அவர் பேசுவது ஒரே வாக்கியம்: "நர்சரி கேட்டுங்க." அந்த ஒரு வாக்கியத்துக்காக ஜீவானந்தம் தினமும் ரேடியோவை நிறுத்தி வைத்தார்.

கடைசியில் ஜீவானந்தத்தின் தாய்மாமன் பொன்னுவேல் செம்மநத்தம் போய்ப் பெண் கேட்டார். பதிலோடு நேராக ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தார்.

"அவிங்க ஒன்னும் மோசமாச் சொல்லலீடா. ஆனா பொண்ணு ஊடு பாக்கணுங்குது."

"பாக்கட்டுங்க மாமா. அப்பனும் அக்காவும் வருவாங்க, அவ்வளவுதானுங்களே?"

"இல்ல. அதுவும் கூட வருதாம். ஊட்டையும் பாக்கோணும், ஆளையும் நேரா ஒருக்காப் பாக்கோணும்னு சொல்லிப்போடுச்சு. மூணு ஞாயித்துக்கெழம தள்ளி."

"நேரா" என்ற சொல்லைக் கேட்டதும் ஜீவானந்தத்தின் கை வலது கன்னத்துக்குப் போனது. நான்கு மாதமாக அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார். பார்த்ததெல்லாம் இடது கன்னம். இடது கன்னத்தை நம்பித்தான் வீடு பார்க்க வருகிறார். வந்து வலதைப் பார்த்தால்? இரண்டு பேரை வேண்டாம் என்றவருக்கு மூன்றாவது ஆளைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மறுநாளிலிருந்து அவர் பக்கக் கண்ணாடியில் தன்னையே பார்க்க ஆரம்பித்தார். கண்டுபிடித்தவர் சின்னத்தாயி அக்கா. காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறவர். அவர் குரலுக்கு ஜீப்பின் ஹாரன் கொஞ்சம் கம்மி.

"ஏந்தம்பி, பின்னாடி பஸ்ஸு வருதான்னு பாக்கறதுக்குத்தான அந்தக் கண்ணாடி? நீ என்ன அதுக்குள்ளயே குடியிருக்கற?"

ராசாத்தி நர்சரி கேட்டில் இறங்கிய பிறகுதான் இதைக் கேட்டார் என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். ஜீவானந்தம் முதலில் மழுப்பினார். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு ஜீப் நிறையப் பெண்கள் கேட்டால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்?

அன்றிலிருந்து நர்சரி கேட் தாண்டியதும் கூட்டம் கூடும். டவுன் வரப் பத்து நிமிடம். அதற்குள் ஒரு வைத்தியம் முடிவாகிவிட வேண்டும்.

முதல் வைத்தியம் உருளைக்கிழங்கு. துருவி, பிழிந்து, சாற்றைப் பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும். ஜீவானந்தம் மூன்று நாள் ஒழுங்காகச் செய்தார். நான்காம் நாள், பிழிந்த சக்கையை வீணாக்க மனமில்லாமல் வெங்காயம் போட்டு வதக்கி ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். எல்லோரும் தின்றார்கள். மங்கு அப்படியே இருந்தது. பொரியல் பிரமாதம்.

அடுத்து கஸ்தூரி மஞ்சளும் தயிரும். சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். கேட்டவர்தான் கஸ்தூரி மஞ்சளுக்குப் பதிலாக வீட்டில் இருந்த குழம்பு மஞ்சள்தூளைப் போட்டுக் குழைத்துவிட்டார். மறுநாள் அரைமுகம் மஞ்சளாக வண்டி எடுத்தார். சோப்புப் போட்டும் போகவில்லை. ராசாத்தியின் பார்வை படக்கூடாது என்று நர்சரி கேட் வரை மூச்சு விடாமல் நேராகவே பார்த்து ஓட்டினார். டவுனில் ரவுண்டானா அருகே ஒரு சுற்றுலாக் குடும்பம் ஜீப்பை நிறுத்தி, எந்தக் கோயிலில் திருவிழா என்று கேட்டது.

"திருவிழா இன்னும் பதினஞ்சு நாள் இருக்குதுங்க," என்றார் சின்னத்தாயி பின்னாலிருந்து. "இது காப்புக் கட்டு."

பப்பாளி அரைத்துப் போட்டதில் எறும்பு வந்தது. ஆரஞ்சுத் தோலைக் காயவைத்துப் பொடி பண்ணலாம் என்று ஒரு யோசனை இருந்தது. ஆனால் அந்தப் பனியில் துணியே காயவில்லை, தோல் எங்கே காய்வது? அது பூஞ்சணம் பிடித்துப் போனது.

அப்போதுதான் தெரசம்மாள் வாயைத் திறந்தார். டவுனில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். அதனாலேயே அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள்.

"எலுமிச்சம்பழம் ரெண்டு சொட்டு, தேன் ஒரு ஸ்பூன். ராத்திரி தடவிப் பத்து நிமிஷத்துல கழுவிரணும் தம்பி. தடவிக்கிட்டு வெயில்ல மட்டும் போயிராத. போனா உள்ளதும் போச்சு."

ஜீவானந்தத்தின் வீட்டுக் கொல்லையில் ஓர் எலுமிச்சை மரம், அந்த வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. அவர் உட்கார்ந்து யோசித்தார். அவர் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதை எங்கள் மலைக்காரர் ஒருவரால்தான் யோசிக்க முடியும்.

இரண்டு சொட்டில் குறைவது மெதுவாகக் குறையும். ஒரு மூடி முழுவதும் பிழிந்தால் வேகமாகக் குறையும். பத்து நிமிடத்துக்கு இவ்வளவு என்றால் காலையிலிருந்து மதியம் வரை எவ்வளவு! வெயிலில் போகக்கூடாது என்கிறார்கள். வெயில் எங்கே இருக்கிறது? ஒரு வாரமாகப் பனி. ஏழு மணிக்கும் பனி, பத்து மணிக்கும் பனி. துணி காயாத நாளை எங்கள் ஊரில் யாரும் வெயில் நாள் என்று சொல்வதில்லை. ஆகவே காலையிலேயே தடவலாம்.

தேனையும் விட்டுவிட்டார். ஸ்டியரிங்கில் ஒட்டுமாம்.

இரண்டு நாள் காலையில், கைக்கு எட்டிய கிளையில் பறித்து, ட்ரிப்புக்கு ஒரு முழு எலுமிச்சம்பழத்தைக் கன்னத்தில் தேய்த்துச் சாறு வழிய வழிய வண்டி எடுத்தார். பனி கனமாக இருந்ததால் வழக்கம்போல் அந்தக் கன்னத்தையே வெளியே நீட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டைப் பார்த்து, நான்கு ட்ரிப் அடித்தார்.

"அண்ணா, எலுமிச்ச வாசன அடிக்குதே," என்றேன் பின்னாலிருந்து.

"ராத்திரி வெச்சதும்மா. வாசன நிக்குது," என்று பொய் சொன்னார்.

மூன்றாம் நாள் கன்னம் சிவந்தது. இட்லிக் குண்டானின் ஆவி அடித்த மாதிரி எரிச்சல். நான்காம் நாள் சின்னதாகக் கொப்புளங்கள். அது ஆறியபோது, அடுத்த வாரம், பழைய வெற்றிலைக்குக் கீழே புதிதாக மூன்று காம்புகள் முளைத்திருந்தன. சாறு கன்னத்திலிருந்து தாடைக்கும், தாடையிலிருந்து கழுத்துக்கும் எந்த வழியில் ஓடியதோ அந்த வழியிலெல்லாம் கரும்பழுப்புக் கோடு. ஒன்று காதோரம்கூடப் போயிருந்தது.

வீடு பார்க்கும் ஞாயிறுக்கு ஐந்து நாள் இருந்தது.

நர்சரி கேட் தாண்டியதும் தெரசம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, சுற்றி வந்து, ஓட்டுநர் கதவருகே நின்று அந்தக் கன்னத்தைப் பார்த்தார்.

"நான் ராத்திரின்னு சொன்னனா, இல்லியா?"

"சொன்னீங்க."

"ரெண்டு சொட்டுன்னு சொன்னனா?"

"சொன்னீங்க அக்கா. ஆனா வெயிலே இல்லீங்களே. பனிதான?"

தெரசம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சின்னத்தாயி சும்மா இருப்பாரா?

"சூடு போட்ட காளையாட்டம் இருக்கற சாமி. ஆனா பயப்படாத. மூஞ்சிய மாத்த முடியாட்டி என்ன, நாற்காலிய மாத்திப்போடலாம்."

திட்டம் இதுதான். வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையின் நாற்காலியை வலது பக்கம் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். வந்தவர்களை எல்லாம் இடது பக்கமாக உட்கார வைக்க வேண்டும். மாப்பிள்ளை எழுந்திருக்கவே கூடாது. காப்பி கொடுக்க, பேச்சுக் கொடுக்க, வீட்டுப் பெண்கள் மாதிரி நானும் சின்னத்தாயியும் போக வேண்டும். தங்கைகள் இருவராலும் அன்றைக்கு வர முடியவில்லை. அந்த ஐந்து நாளும் கன்னத்தில் சோற்றுக்கற்றாழை தவிர வேறெதுவும் வைக்கக்கூடாது என்று தெரசம்மாள் உத்தரவு போட்டார். எரிச்சல் அடங்கியது. கோடு அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள்: ராசாத்தி, அவருடைய அக்கா, செம்மநத்தத்திலிருந்து வந்த அப்பா. பொன்னுவேல் வாசலில் நின்று வரவேற்றார். உள்ளே ஜீவானந்தம் சுவரோடு ஒட்டி, வெள்ளைச் சட்டையில், பாஸ்போர்ட் படத்துக்கு யாரோ பக்கவாட்டில் உட்கார வைத்த மாதிரி இருந்தார். கன்னத்தில் சின்னத்தாயியின் பவுடர். நல்லவேளையாக அது சுவர்ப்பக்கம் இருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளே, கழுத்துப் புடிச்சுக்கிச்சுங்களா?" என்றார் ராசாத்தியின் அப்பா.

"இல்லீங்க. வண்டி ஓட்டி ஓட்டி இப்புடியே பழகிப்போச்சுங்க."

காப்பி வந்தது. பேச்சு மழையில் ஆரம்பித்து மிளகுக் கொடியில் போய் நின்றது. திட்டம் வேலை செய்கிறது என்று சின்னத்தாயி எனக்குக் கண் காட்டினார். திரும்பிப் பார்த்தால் ராசாத்தியின் நாற்காலி காலி. அவர் உட்காரவே இல்லை போலிருக்கிறது. நர்சரியில் வேலை செய்கிறவர் வீடு பார்க்க வந்தால் முதலில் எதைப் பார்ப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கொல்லைப்புறத்திலிருந்து குரல் கேட்டது.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வர்றீங்களா?"

நான் பார்க்கப் போனேன். "உங்களயில்ல கண்ணு, அவர," என்றார்.

ஜீவானந்தம் எழுந்தார். வலது கன்னத்தைச் சுவரிலிருந்து பிரிக்காமல் கூடத்தின் ஓரமாகவே நண்டு போல் நகர்ந்தார். சுவர் முடிந்ததும் கதவு. கதவு முடிந்ததும் கொல்லை. கொல்லையில் சுவர் இல்லை.

ராசாத்தி எலுமிச்சை மரத்தடியில் நின்றிருந்தார்.

"மேல் கெளையில கொத்துக் கொத்தாக் காயிருக்குது. கைக்கு எட்டற கெளையில மட்டும் ஒன்னுகூட இல்ல. எட்டற காயெல்லாம் எங்கீங்க போச்சு?"

"ஊறுகா போட்டமுங்க," என்று சொல்லிக்கொண்டே, எந்தக் கிளை என்று பார்க்க ஜீவானந்தம் நிமிர்ந்தார். முழு முகமும் வெளிச்சத்தில் விழுந்தது. சின்னத்தாயி என் கையைப் பிடித்துக் கிள்ளினார்.

ராசாத்தி ஓரடி முன்னால் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. தாடையையும் கழுத்தையும் காதோரத்தையும், ஒட்டுக் கட்டிய கன்றைப் பார்ப்பது போல் உற்றுப் பார்த்தார்.

"இது ஊறுகா இல்லீங்க. எலுமிச்சச் சாறு விட்டுக்கிட்டு வெயில்ல போயிருக்கீங்க."

"வெயிலே இல்லீங்க. பனியிலதான் போனேன்."

"பனிக்கு மேல வெயில் நின்னுக்கிட்டேதான இருக்குது? எத்தன பனியா இருந்தாலும் நாங்க நாத்துக்கு மேல கட்டுன வலைய அவுக்க மாட்டம். எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவர் தன் இடது கைச் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே, சொட்டுச் சொட்டாக, கோடு கோடாக அதே கரும்பழுப்பு.

"போன வருசம் எலுமிச்சக் கெள கழிக்கற கவாத்துல வாங்குனது. பாதி போயிருச்சு, பாதி இருக்குது. குளுருக்குன்னா நெனச்சீங்க இந்தச் சட்டைய?"

"ஆமாங்க," என்றார் ஜீவானந்தம். நான்கு மாதமாக அவர் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். அந்தக் குளிருக்காக இடதுபக்கக் கதவுக்குப் புதுத் தார்ப்பாய்கூடப் போட்டிருந்தார்.

"எதுக்கு இந்த வேல பண்ணுனீங்க?"

"மங்கு இருந்துச்சுங்க. நீங்க அந்தப் பக்கம் பாத்ததில்ல. பாத்தா வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு..."

"அந்தப் பக்கம் நான் பாத்ததில்லியா?"

"நீங்க இடதுபக்கம்தானுங்களே ஒக்காருவீங்க."

"ஒக்காருவேன். நர்சரி கேட்டுல எறங்குவேன். எறங்கி எப்புடிப் போவேன்?"

ஜீவானந்தம் யோசித்தார். நானும் யோசித்தேன். நர்சரி சாலையின் எதிர்ப்பக்கம். ராசாத்தி தினமும் இறங்கி, ஜீப்புக்கு முன்னால் நடந்து, சாலையைக் கடந்து போவார். நாங்கள் எல்லோரும் தினமும் அதைப் பார்த்திருக்கிறோம்.

"ஜீப்புக்கு முன்னாடி ஒரு கண்ணாடி இருக்குதுங்களே," என்றார் ராசாத்தி. "அது உங்களுக்கு வெளிய பாக்கறதுக்கு மட்டுமா? நாலு மாசமா முழு மூஞ்சியும் பாத்துக்கிட்டுத்தான் போறேன். அந்த மங்கு எனக்குத் தெரியும். இந்தப் புதுக் கோடுங்க எதுனால வந்துச்சுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பதினொரு வருடம் அந்தக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்த மனிதருக்கு, வெளியே இருப்பவர்கள் உள்ளே பார்ப்பார்கள் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"அப்ப... மஞ்சள்?" என்றார் மெதுவாக.

"பாத்தேன். நர்சரில எல்லார்த்துக்கும் சொன்னேன். மத்தியானம் வரைக்கும் சிரிச்சோம்."

சொல்லும்போதே ராசாத்திக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜீவானந்தம் சிரிக்கலாமா என்று பொன்னுவேலைப் பார்த்தார். பொன்னுவேல் ராசாத்தியின் அப்பாவைப் பார்த்தார். அவர் காப்பி டம்ளரோடு கொல்லை வாசலில் நின்றுகொண்டு, "கழுத்து நல்லாத்தான் திரும்புது," என்றார்.

"கல்யாணத்தத் தள்ளி வெக்கலாமுங்களா? கோடு போற வரைக்கும்?" என்று கேட்டார் ஜீவானந்தம். பெண் இன்னும் சம்மதமே சொல்லவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

"அது போக ஆறு மாசம் ஆகும். சிலது ஒரு வருசம்கூட நிக்கும்," என்றார் ராசாத்தி. "எனக்கும் நிக்குது. போட்டோவுல ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி விழட்டும். தையிலயே வெச்சிருங்க. ஆனா இனிமே எலுமிச்ச மரத்துக்கிட்ட என்னயக் கேக்காம போகக் கூடாது."

திங்கட்கிழமை காலை ராசாத்தி ஒரு சுருளோடு ஜீப் ஸ்டாண்டுக்கு வந்தார். நர்சரியில் நாற்றுகளுக்கு மேல் கட்டுகிற பச்சை நிழல்வலை, மிச்சத் துண்டு. பக்கக் கண்ணாடிக்கு மட்டும் வட்டமாக வெட்டி வழி விட்டு, ஓட்டுநர் கதவில் இழுத்துக் கட்டினார். எட்டு முடிச்சு. எல்லாம் ஒட்டுக்கட்டும் விரல்கள் போட்ட முடிச்சு. இன்றுவரை ஒன்றுகூட அவிழவில்லை.

"நல்லது," என்றார் சின்னத்தாயி. "மாப்பிள்ளைய நாத்தங்கால்ல நட்டாச்சு. இனித் தண்ணி ஊத்துனாப் போதும்."

கிளம்பினோம். இரண்டாவது வளைவிலேயே பனி இறங்கிவிட்டது. முன்கண்ணாடி வெள்ளையாகிப் போனது. பதினொரு வருடப் பழக்கம், ஜீவானந்தத்தின் கை தானாக வலையின் ஓரத்தைத் தூக்கியது. தலை மெல்ல வெளியே சாய்ந்தது.

"ஏனுங்க," என்றது இடது ஓரத்துக் குரல். "கன்னம்."

தலை உள்ளே வந்தது. ஜீப் நடக்கும் வேகத்துக்கு இறங்கியது. தெரசம்மாளின் விடுதியில் அன்று காலைச் சாப்பாடு இருபது நிமிடம் தாமதம். சின்னத்தாயிக்கு அதைப் பற்றிப் பேச நேரமில்லை. நர்சரி கேட் வருவதற்குள்ளேயே அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஊர் ஊராக வெயிலில் சுற்றி நான் சம்பாதித்து வந்திருக்கும் மூக்குப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்திருந்தார்.

"கண்ணு, உருளக்கெழங்கு இருக்குதா ஊட்டுல?"